உம்மாவின் மெசினும் கமலாதேவியின் அகதிகளும்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெசின் இருக்கிறது. சுனாமி வந்த அடுத்த வருடம், 2005இல், ஒரு நிறுவனம் உம்மாவுக்குக் கொடுத்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி ஏழு மெசின்கள் வந்தன. உம்மா ஆறு மாதமளவில் தைத்தார். ஏழு வீட்டிலும் அதே மாதிரியான பிள்ளைச் சட்டையும் தலையணை உறையும்தான் தைக்கப்பட்டன. ஒருவரிடம் ஒருவர் வாங்குவதற்கு எதுவும் இருக்கவில்லை. வெளியே விற்றுத் தருவதற்கு யாரும் இல்லை. பிறகு மெசினுக்கு மேல் பூப்போட்ட துணியொன்று விரிக்கப்பட்டது. இப்போது அதன்மேல் வாப்பாவின் மருந்துப் போத்தல்கள் இருக்கின்றன.

போர் முடிந்த பிறகு இரண்டாவது சுற்று வந்தது. மூதூரிலும் சம்பூரிலும் வன்னியிலும் மெசின் கையளிக்கும் வைபவங்களுக்கு நான் போயிருக்கிறேன். ஊடகக் கற்கை முடித்து வெளியே வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலைகளில் பாதி அத்தகைய வைபவங்களைப் படம் எடுப்பதுதான். வாழ்வாதார உதவி என்ற சொல் பதாகையில் இருக்கும். வரிசையில் நிற்கும் பெண்களில் பலர் கணவனையோ மகனையோ இழந்தவர்கள். படம் எடுத்து முடிந்ததும் அவர்கள் மெசினை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு வருடம் கழித்து அந்த மெசின்களைத் தேடிப் போய் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். எந்தப் பத்திரிகையும் அதற்குக் காசு தரவில்லை.

இதையெல்லாம் மறுபடி நினைக்க வைத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். அபாயாக்களின் கை விளிம்புக்கும் கழுத்துக்கும் போடும் வேலைப்பாடுகளைக் கொப்பியின் பின்பக்கங்களில் வரைந்து வைத்திருக்கிறாள். கடையில் வரும் துபாய் மாதிரிகளின் பிரதி அல்ல அவை. கண்டல் இலையும் மீன் வலையின் முடிச்சும் அதில் இருக்கின்றன. அவளுக்கு பெஷன் டிசைன் படிக்க வேண்டும். வீட்டில் தையல் வகுப்புக்குப் போனால் போதும் என்கிறார்கள். தையலுக்கும் டிசைனுக்கும் என்ன வித்தியாசம் ராத்தா, அதில் ஒரு தொழில் இருக்கிறதா என்று என்னிடம் வந்து கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுக்கு ஒரு கதையைச் சொன்னேன். அது பாரிஸ் கதை இல்லை. நம்மைப் போல இடம்பெயர்ந்தவர்களோடும் துணியோடும் வாழ்ந்த ஒரு தென்னிந்தியப் பெண்ணின் கதை. கமலாதேவி சட்டோபாத்யாய் இறந்து 35 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இந்தியாவில் கைத்தறிச் சேலையும் கையால் அச்சிட்ட துணியும் இன்று நாகரிகமான உடைகளாக மதிக்கப்படுகின்றன என்றால் அதற்கு அவர் பெரிய காரணம்.

கமலாதேவி 1903 ஏப்ரல் 3ஆம் திகதி மங்களூரில் பிறந்தார். அதுவும் ஒரு துறைமுக ஊர். தந்தை அரச சேவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். கமலாதேவிக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர் மரண சாசனம் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். அன்றைய சட்டப்படி சொத்து முழுவதும் தந்தையின் முதல் தாரத்து மகனுக்குப் போனது. தாயார் கிரிஜாபாய்க்கு மாதாந்தம் ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை மறுத்துவிட்டார். தன் சீதனப் பணத்தைக் கொண்டே பிள்ளையை வளர்த்தார். காணி உறுதியில் கணவனின் பெயர் மட்டும் இருந்ததால் நடுத்தெருவில் நின்ற பெண்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். ஆகவே இந்தப் பகுதியை நான் சொல்லும்போது உம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

14 வயதில் கமலாதேவிக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டே வருடங்களில் கணவர் இறந்தார். அந்தச் சாதியில் அந்தக் காலத்தில் ஒரு விதவைச் சிறுமிக்கு என்ன காத்திருந்தது என்பது தெரிந்ததே. ஆனால் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிப்பைத் தொடர விட்டார்கள். சென்னை இராணி மேரிக் கல்லூரிக்குப் போனார். அங்கே சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி அவருக்குத் தோழியானார். சுஹாசினியின் அண்ணன் ஹரீந்திரநாத் கவிஞர், நாடகக்காரர். கமலாதேவி அவரை மணந்துகொண்டார். விதவை மறுமணம், அதுவும் வேற்று மொழிக்காரரை. ஊரில் பேச்சு எழாமல் இருக்குமா? அது போதாதென்று மேடையில் நடிக்கவும் தொடங்கினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறக்கூடாது என்றிருந்த காலம். 1931இல் மிருச்சகடிக நாடகத்தைத் தழுவிய கன்னட மௌனப் படம் ஒன்றிலும் நடித்தார்.

இந்த நாடகப் பின்னணியை அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்து போகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஒரு உடை மேடையில் என்ன செய்கிறது, ஒரு நிறம் தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது, ஊருக்கு ஊர் சேலை கட்டும் முறை எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போன ஒருவருக்குத் தெரியும். பின்னாளில் நெசவாளரின் திண்ணையில் உட்கார்ந்து சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்துப் பேசுவதற்கான பயிற்சி அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். அவருடைய படங்களைப் பாருங்கள். கைத்தறிச் சேலை, பெரிய ஆபரணங்கள், தலையில் பூ. தன் உடம்பையே கண்காட்சியாக வைத்துக்கொண்டு திரிந்தவர்.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926இல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போட்டியிட்டார். இந்தியாவில் அப்படிப் போட்டியிட்ட முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பிரசாரத்துக்குச் சில நாட்களே கிடைத்தன. 55 வாக்குகளால் தோற்றார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதலில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் காந்தி விரும்பவில்லை. அவரிடமே போய் வாதாடியவர்களில் கமலாதேவி ஒருவர். பிறகு பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சி, அதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பங்குச் சந்தைக்கு உள்ளேயே கொண்டுபோய் ஏலம் போட்டார். அதற்காகச் சிறைக்குப் போனார். தடை செய்யப்பட்ட பொருளை, நாட்டிலேயே அதிகம் காசு புழங்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விற்றது வெறும் அரசியல் துணிச்சல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சரக்கை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. 1936இல் காங்கிரஸ் சோசலிசக் கட்சிக்குத் தலைவரானார். ஹரீந்திரநாத்துடனான மணவாழ்க்கை முறிந்து விவாகரத்தானது. மகன் ஒருவர். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு பெரிய பேச்சு.

நம் நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 1937இல் லங்கா சமசமாஜக் கட்சியின் அழைப்பில் வந்து ஊர் ஊராகப் பேசினார். அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்துக்குத் தோட்டத் தொழிலாளர் சுமார் 2000 பேர் வந்திருந்தார்கள். மேடையில் கமலாதேவி இருந்தார். அதே மேடையில்தான் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரைக் கலாநிதி என். எம். பெரேரா அறிமுகப்படுத்தினார். தோட்டம் ஒன்றில் துரைத்தனம் பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்துவிட்டவர் அவர். அவரை நாடு கடத்த ஆளுநர் போட்ட உத்தரவும் அதை உயர் நீதிமன்றம் செல்லாதென்று சொன்னதும் பாடப்புத்தகத்தில் வரும் கதை. கமலாதேவி அங்கே இருந்தது பாடப்புத்தகத்தில் இல்லை. அன்று அவருடைய 34ஆவது பிறந்த நாள் என்பதை நான் திகதிகளைப் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஊருக்குத் திரும்பாமல் அமெரிக்கா, சீனா, ஜப்பான் என்று சுற்றினார். குண்டு விழுந்த சீன நகரங்களைக் கண்டார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். போர் மக்களை என்ன செய்யும் என்பதை இந்தியாவுக்கு அது வருமுன்னரே கண்டுவிட்டவர்.

1947இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை கடந்தார்கள். டில்லியைச் சுற்றிக் கூடாரங்கள் நிறைந்தன. கமலாதேவியின் காலத்துத் தோழர்கள் அமைச்சர்களாகவும் தூதுவர்களாகவும் ஆளுநர்களாகவும் ஆகிக்கொண்டிருந்தார்கள். அவர் அகதி முகாம்களுக்குப் போனார்.

முகாமில் அவர் கண்டது நமக்குப் புதிதல்ல. அரிசி வரிசை, மா வரிசை, கம்பளி வரிசை. ஊரில் கடை வைத்திருந்தவர், தறி வைத்திருந்தவர், மருமகளுக்கென்று பட்டு நூலில் விரிப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் எல்லாம் ஒரே வரிசையில் கைநீட்டி நிற்க வைக்கப்பட்டிருந்தார்கள். நிவாரணத்தை இப்படியே நீட்டிக்கொண்டு போனால் மனிதர்கள் உடைந்துபோவார்கள் என்று அவர் நினைத்தார். அகதிகளே சேர்ந்து கூட்டுறவு முறையில் ஓர் ஊரைக் கட்டி எழுப்பலாம் என்ற திட்டத்தோடு காந்தியிடம் போனார். அரசாங்கத்திடம் கையேந்தக் கூடாது என்ற நிபந்தனையோடு காந்தி சம்மதித்தார். இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் 1948இல் இப்படித்தான் பிறந்தது. பின்னாளில் திட்டமிடல் துறையில் பெயர் பெற்ற எல். சி. ஜெயின் அப்போது முகாமில் வேலை செய்த இளைஞர். அவரும் கமலாதேவியோடு சேர்ந்தார்.

டில்லிக்குத் தெற்கே பரீதாபாத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து வந்த சுமார் 50,000 அகதிகள் குருக்ஷேத்திர முகாமில் இருந்தார்கள். அவர்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்ப அரசாங்கம் திட்டமிட்டது. அவர்கள் மறுத்தார்கள். ஒரே ஊராக, சேர்ந்து குடியேற வேண்டும் என்று போராடினார்கள். மீள்குடியேற்றம் என்ற சொல்லை 30 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு, சேர்ந்து போவதற்காக ஏன் போராட வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இறுதியில் பரீதாபாத்தில் இடம் கொடுக்கப்பட்டது. 1949இல் அதற்கென ஒரு சபை அமைக்கப்பட்டது. நேருவே அதன் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தார். வீடு கட்டும் வேலையை வழக்கமான ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்க அதிகாரிகள் விரும்பினார்கள். கூட்டுறவு ஒன்றியம் அகதிகளையே வேலைக்குழுக்களாகச் சேர்த்தது. முன்பு கடைக்காரர்களாக இருந்தவர்கள் கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் கற்றுக்கொண்டு தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள்.

அந்தக் கூட்டுறவு ஊர் நினைத்தபடி நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களில் நிர்வாகம் அதிகாரிகளின் கைக்குப் போனது. வேலைக்குழுக்கள் கலைந்தன. பரீதாபாத் இன்று பெரிய தொழிற்சாலை நகரம். ஆரம்பத்து உற்சாகமும் பிறகு அது வாடிப்போனதும் எல். சி. ஜெயின் பல வருடங்களுக்குப் பின் எழுதிய புத்தகத்தில் இருக்கின்றன. கமலாதேவியின் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை வீடுகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் முகாமிலிருந்து அவர் கற்றுக்கொண்ட ஒன்று அவரோடு கடைசி வரை இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த பெண்களின் மூட்டைகளில் புல்காரித் துணிகள் இருந்தன. முரட்டுப் பருத்தித் துணியில், துணியின் பின்பக்கத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணி, முறுக்காத பட்டு நூலால் தைப்பது புல்காரி. மேலே வரைந்துகொள்வது கிடையாது. கணக்கு முழுவதும் தலைக்குள்தான். ஒரு துணி முடிய மாதங்கள் ஆகும். அது வீட்டுக்காகத் தைக்கப்பட்டது. விற்பதற்கென்று இருக்கவில்லை. பசி வந்ததும் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கியவருக்கு அதன் பெறுமதி தெரியாது, விற்றவருக்கும் சந்தை தெரியாது. இப்படிப்பட்ட ஒருவருக்கு ஊசியும் நூலும் வாங்கிக் கொடுப்பதால் எதுவும் மாறப் போவதில்லை. ஊசியும் நூலும் ஏற்கெனவே அவரிடம் இருக்கின்றன.

கமலாதேவி இடையில் இருந்த அந்தப் பள்ளத்தில் வேலை செய்தார். குடிசைக் கைத்தொழில்களுக்கான அரசாங்க விற்பனை நிலையம் ஒன்று டில்லியில் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் அதன் நிர்வாகத்தைக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. ஜன்பத் வீதியில் போர்க்காலத்துப் பழைய பரக்ஸ் கட்டடங்களில் நடந்த கடை அது. சிப்பாய்கள் படுத்த இடத்தில் சேலைகளைத் தொங்கவிட்டார்கள். எந்தச் சரக்கு போகிறது, எது தூசி பிடிக்கிறது, வாங்க வருகிறவர் எந்த நீளத்தைக் கேட்கிறார், எந்த நிறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார் என்பதெல்லாம் அங்கிருந்து கைவினைஞருக்குத் திரும்பிப் போனது. அந்தக் கடை தலைநகரில் உடுப்பவர்களின் ரசனையையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. மில் துணியும் வெளிநாட்டு நைலோனும்தான் நாகரிகம் என்றிருந்த வீடுகளில் கைத்தறி திரும்ப நுழைந்தது.

1952இல் அகில இந்தியக் கைவினைப் பொருட்கள் சபை உருவாகி அவர் அதன் தலைவரானார். அதன் கீழ் டில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களில் வடிவமைப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஓவியம் படித்தவர்களும் கைவினைஞர்களும் ஒரே அறையில் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. டிசைனர் என்ற சொல்லே பெரும்பாலானோருக்குத் தெரியாத காலத்தில், மாதச் சம்பளத்துக்கு டிசைன் செய்யும் வேலை அங்கே உருவானது. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடும்போது நான் முதலில் அடிக்கோடு போட்டது இந்த இடத்தைத்தான்.

அந்த வருடங்களில் கமலாதேவி ஊர் ஊராக அலைந்தார். எந்தத் தொழில் எங்கே கடைசி மூச்சு விடுகிறது என்று தேடிப் போவார். ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி அப்படித்தான் இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தார்கள். 1950களில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்க அவர் ஏற்பாடு செய்தார். பழைய கைவினைஞர் ஒருவரை ஆசிரியராக்கி, மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார்கள்.

கலம்காரி செய்யும் முறையை அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னபோது அவள் எழுதிக்கொண்டாள், நீங்களும் கேளுங்கள். பருத்தித் துணியைக் கழுவிப் பசை போக்கிய பிறகு, கடுக்காயை அரைத்துப் பாலில் கலந்து அதில் ஊற வைத்துக் காய வைப்பார்கள். பாலின் கொழுப்பு, மை துணியில் பரவாமல் பிடித்துக்கொள்ளும். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்கும். மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கி, அதன் நடுவில் கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டினால் அதுதான் பேனா. துணிச்சுற்றை விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாட்கணக்கில் புளிக்க விடுவார்கள். அந்தத் தண்ணீர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல மங்கலாக இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுத்துவிடும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைப் பூசி, பிறகு சாயம் தரும் வேர், பட்டைகளோடு துணியைக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். ஆறு இல்லாத ஊரில் இந்தத் தொழில் கடினம்.

சோழமண்டலக் கரையின் பழைய சிவப்புக்குப் பயன்பட்ட சாயவேர் நம் வடக்கிலும் முளைக்கும் செடிதான். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டி எடுப்பது அரசுக்கு வருமானம் தந்த தொழிலாக இருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகள் உடுத்திய சீத்தைத் துணியில் நம் மணலின் வேரும் இருந்திருக்கலாம். இன்று அந்தச் செடியைக் காட்டினால் பெயர் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

பிற்காலத்தில் சென்னையில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவிலும் இயற்கைச் சாயமும் கலம்காரியும் தொடங்கக் கமலாதேவி துணை நின்றார். 1964இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கைவினைக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டில் உலகக் கைவினைக் கழகம் நியூயோர்க்கில் உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். 1965இலிருந்து தேர்ந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது கொடுக்கும் வழக்கம் வந்தது. நெசவாளரும் சாயக்காரரும் பெயர் இல்லாதவர்களாகவே இருந்த நாட்டில், ஒரு துணியைச் செய்தவரின் பெயரைச் சபையில் வாசிப்பது சின்ன விஷயமல்ல. 1966இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கம்பளங்கள் பற்றியும் தையல் வேலைப்பாடுகள் பற்றியும் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கைவினையைக் காப்பாற்ற எழுந்த அந்த இயக்கத்தில், வடிவத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் பெரும்பாலும் நகரத்துப் படித்த மேல்தட்டுப் பெண்கள் இருந்தார்கள். செய்து கொடுக்கும் இடத்தில் கிராமத்தவர் இருந்தார்கள். நெசவாளரின் மகள் டிசைனராவது அரிதாகவே நடந்தது. டில்லிக் கடையில் சேலையின் விலை ஏறியபோது தறியில் இருந்தவரின் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. பிள்ளைகள் தறியை விட்டுப் போனார்கள். இதைக் கமலாதேவி ஒருவரின் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் போட்ட பாதையில் இருந்த மேடு அது. மருதமுனையில் சாரனும் சேலையும் நெய்கிறவர்களின் வீடுகளுக்குப் போய்வந்த பிறகு எனக்கு இது இன்னும் உறைத்தது. அங்கே தறியில் இருப்பவருக்கு நிறம் பற்றியும் கரை பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, கடைக்காரர் கொடுக்கும் மாதிரியை நெய்கிறார்கள்.

நம் நாட்டிலும் இப்படியான முயற்சிகள் நடந்தன. மாத்தளை அலுவிகாரைக்காரரான ஈனா டி சில்வா 1960களில் பத்திக் துணியை ஒரு கலையாக வளர்த்தார். பெந்தோட்டை ஹோட்டல் கூரையிலும் அவருடைய பத்திக் ஏறியது. கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி அங்குள்ள பெண்களோடு வேலை செய்தார். அதே 1960களில் பாபரா சன்சோனி, கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் பிறகு கொழும்பில் பெயர் பெற்ற கைத்தறிக் கடையாக வளர்ந்தது. இவை இரண்டும் தெற்கிலும் மலைநாட்டு ஓரத்திலும் நடந்தன. போர் நடந்த 30 வருடங்களில் வடக்கும் கிழக்கும் தையல் என்றால் நிவாரணம் என்றே பழகிவிட்டன. போருக்குப் பின் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் சம்பளம் கிடைக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நாள் முழுவதும் ஒரு கையை மட்டும் பொருத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டையை யார் வரைந்தார் என்று தெரியாது.

கமலாதேவி 1988 ஒக்டோபர் 29ஆம் திகதி பம்பாயில் காலமானார். இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அவருடைய சுயசரிதை வெளிவந்தது. அதே 1986இல்தான் டில்லியில் தேசிய பெஷன் தொழில்நுட்ப நிறுவனமும் தொடங்கப்பட்டது. 1990களில் சென்னையிலும் அதன் கிளை வந்தது. அங்கே படிக்கிற பிள்ளைகள் இன்று கைவினைக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி ஆவணப்படுத்த வேண்டும் என்பது பாடத்தின் ஒரு பகுதி.

இந்தக் கதையை நான் ஒரே இருப்பில் சொல்லவில்லை. மூன்று பின்னேரங்கள் எடுத்தது. மூன்றாவது நாள் அந்தப் பிள்ளையின் உம்மாவும் வந்திருந்தார். தையலைத் தவிர இதில் என்ன வேலை இருக்கிறது என்று அவர் நேராகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். துணியில் அச்சு, நெசவு, வேலைப்பாடு ஆகியவற்றை வரைபவர் ஒருவர். அந்த வரைபடத்தை உடம்பின் அளவுக்கு வெட்டுத்துண்டுகளாக மாற்றும் பேட்டர்ன்காரர் இன்னொருவர். நல்ல பேட்டர்ன்காரருக்குத் தொழிற்சாலைகளில் எப்போதும் தட்டுப்பாடு. வெளிநாட்டு வாங்குநரோடு பேசி, துணி, விலை, திகதி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பவர் மேர்ச்சண்டைசர், அதற்குக் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும். நாடகத்துக்கும் படத்துக்கும் உடை அமைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய துணிகளை அருங்காட்சியகங்களில் பராமரிப்பவர்கள் கூட இருக்கிறார்கள். படிப்புக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். வரைந்து வைத்திருக்கும் கொப்பி அங்கே வீணாகாது. கட்புலக் கலை படிக்க மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இரண்டும் சரிவராவிட்டால் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் தொடங்கி மேலே ஏறலாம், கொஞ்சம் நாள் எடுக்கும்.

மொறட்டுவை தூரம் என்றார் அவர். விடுதி, பாதுகாப்பு, செலவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். 2009இல் பாலம் திறக்கும் வரை திருகோணமலைக்குப் போவதே எங்களுக்கு ஒரு பயணம்தான், பாதைக்குக் காத்திருந்து ஏறிக் கடக்க வேண்டும். அப்படி வளர்ந்தவருக்கு மொறட்டுவை எப்படித் தெரியும் என்பது எனக்குப் புரிந்தது. நான் படிக்கப் போனபோது என் உம்மாவும் இதையேதான் சொன்னார். அன்று அவர் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. விண்ணப்பத் திகதி எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பிள்ளை போகவில்லை. உம்மாவிடம் கேட்டு, மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, பூத்துணியை உருவி எடுத்தாள். மெசினின் வார் பட்டி வெடித்துப் போயிருந்தது, ஊசி துருப்பிடித்திருந்தது. அந்தத் துருவை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் என்ன விலை போகும் ராத்தா என்று கேட்டாள்.